அடுத்தடுத்த இரண்டு ஏரியா: எதில் வீடு வாங்குவது?

நடுவே ஒரே ஒரு சாலை. இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு என்று வைத்துக்கொள்வோம். எதில் வாங்குவது என்று நான் நாலு மாதம் குழம்பினேன். பட்ஜெட், கடன் தகுதி எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நேராக வேலைக்கு வருகிறேன்.

1. விரிதாளைத் திறங்கள். வீடு விற்கும் தளங்களில் இருக்கும் 'ஒப்பிடு' பொத்தானை நான் தொடுவதே இல்லை. எதை எதோடு ஒப்பிட்டது என்று அது சொல்லாது. எக்செல் போதும், கோடு போட்ட நோட்டும் போதும்.

2. விற்று முடிந்த விலையை மட்டும் எழுதுங்கள். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. கடந்த 12 மாதப் பதிவுகளை எடுங்கள். கூடவே வீட்டின் வகை, படுக்கையறை எண்ணிக்கை, பரப்பு, கட்டிய ஆண்டு.

3. வகை பிரியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். முதலில் சராசரி போட்டேன். ஐந்து வீடுகள் 40, 42, 45, 50, 120 என்று விற்றால் சராசரி 59.4. அந்த விலைக்கு அங்கே ஒரு வீடும் விற்கவில்லை, ஒரே ஒரு பங்களா கணக்கை இழுத்துவிட்டது. சரி என்று வரிசையின் நடுவில் நிற்கும் விலைக்கு, அதாவது இடைநிலைக்கு மாறினேன். இங்கே அது 45.

என் பட்டியலில் இடைநிலைப்படியும் மேற்குதான் மலிவு. முன்பணம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது விரிதாளை வரிவரியாகப் படித்தேன். மேற்கில் விற்றவை பெரும்பாலும் இரண்டு படுக்கையறை அடுக்கக வீடுகள், கிழக்கில் தனி வீடுகள். ஏரியா மலிவில்லை, விற்ற வீடுகள்தான் சின்னவை! அடுக்ககத்தை அடுக்ககத்தோடு வைத்துப் பார்த்தால் மேற்குதான் விலை அதிகம்.

ஒரு வகையில் ஏழெட்டு விற்பனைதான் தேறுகிறது என்றால் இரண்டு ஆண்டுப் பதிவுகளை எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு விற்பனை கூடினாலே இடைநிலை ஏறவோ இறங்கவோ செய்யலாம்.

4. வாடகைக்கு விடுவதாக இருந்தால்: ஆண்டு வாடகையை விலையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். விலை 100, ஆண்டு வாடகை 4.8 என்றால் வருமானம் 4.8 சதவீதம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அது 4.4. பராமரிப்பு, வரி, காப்பீடு இன்னும் கழிய வேண்டும். தரகர்கள் சொல்வது பெரும்பாலும் எதுவும் கழிக்காத எண்.

5. நேரில் போங்கள். வேலை நாள் காலை நெரிசலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு தடவை. மூன்றாவதைத் தவறவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: விளம்பரத்தில் உள்ள ஏரியா பெயரை நம்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. எல்லையோர வீடுகளை விலை கூடிய ஏரியாவின் பெயரில் விற்கிறார்கள். உள்ளாட்சி வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். என் பட்டியலிலேயே மூன்று அடுக்கக வீடுகள் தப்பான பக்கத்தில் இருந்தன.