கண்ணாடியை நாள் முழுக்கப் போடணுமா? பவர் சீட்டைப் பார்த்து முடிவெடுங்கள்

"பள்ளிக்கூடத்தில் மட்டும் போடு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு. இல்லாவிட்டால் பவர் ஏறிவிடும்." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் புதுக் கண்ணாடி வாங்கிவந்த பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் புத்திமதி இதுதான். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் தவறு. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் சரியாக விழவைக்கும், அவ்வளவே. கழற்றியதும் முன்னைவிட மங்கலாகத் தோன்றுவது, தெளிவு என்றால் என்ன என்று மூளைக்கு இப்போது தெரிந்துவிட்டதால். பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைப் பவர் ஏறுவது கண்விழி நீளவாக்கில் வளர்வதால். 94 மலேசியப் பிள்ளைகளை 2 ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளிவந்த ஆய்வில், வேண்டுமென்றே ஏறக்குறைய 0.75 குறைத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கே பவர் வேகமாக ஏறியிருந்தது. அதனால் "கொஞ்சம் குறைத்தே போடுங்கள்" என்று கடையில் கேட்காதீர்கள்.

அப்படியானால் எல்லாரும் காலை முதல் இரவு வரை போட வேண்டுமா? இல்லை. அது உங்கள் பவரைப் பொறுத்தது. சோதனை முடிந்ததும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சோதிப்பவர் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள்.

மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100ஐப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். -0.50 என்றால் 2 மீட்டர். வீட்டுக்குள் நடமாட, சமைக்க, பேசிக்கொண்டிருக்க அது போதும். கார் ஓட்டும்போதும் வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும்போதும் போட்டால் சரி. இரவில் கண்பாவை விரிவதால் மங்கல் கூடும். மழையிரவில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் போகிறவர் சின்னப் பவர்தானே என்று விடக்கூடாது. -1.00 என்றால் 1 மீட்டர். இந்த இடத்தில் போட்டுக் கழற்றிக் கொண்டிருப்பதே ஒரு வேலையாகிவிடும், போட்டே இருங்கள். -2.00க்கு மேல் 50 சென்டிமீட்டர்கூட எட்டாது. அவர்களுக்கு நாள் முழுக்கத்தான். ஒரு விலக்கு உண்டு: நாற்பது வயது தாண்டிய -2.50காரர் புத்தகம் படிக்கையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 40 சென்டிமீட்டரில் பிடித்துப் படிப்பதில் ஒரு தவறும் இல்லை.

பிளஸ் பவர் கதை வேறு. நாற்பதுக்கு மேல் வரும் வாசிப்புக் கண்ணாடி, கிட்டத்தில் பார்க்க மட்டும். அதைப் போட்டபடியே படியிறங்கினால் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கால் தவறும். சிறு பிள்ளைக்குப் பிளஸ் எழுதிக் கொடுத்திருந்தாலோ, இரண்டு கண்ணுக்கும் பவர் பெரிதாக வேறுபட்டாலோ, விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டாக வேண்டும். பார்வைக்கான மூளைப் பாதை ஏறக்குறைய 7, 8 வயதுக்குள் பெருமளவு உறுதியாகிவிடுகிறது. மங்கலாகவே விடப்பட்ட கண்ணை மூளை ஒதுக்கிவிடும், பிறகு மீட்பது கடினம். இதில் மட்டும் பெற்றோர் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீட்டில் சிலிண்டர் (CYL, கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) என்ற கட்டத்தில் எண் இருந்தால் முதல் சில நாள் தரை சாய்ந்ததுபோல் தெரியும், கதவுச் சட்டம் வளையும். காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், மாலையில் களைத்த கண்ணோடு தொடங்க வேண்டாம். அந்தச் சாய்வு அடங்கும் வரை மோட்டாரும் காரும் ஓட்டாதீர்கள். அரை மணி போட்டு இரண்டு மணி கழற்றி வைத்தால் மூளை பழகவே நாளாகும். ஒன்று, இரண்டு வாரத்தில் சரியாகிவிட வேண்டும்.

ஆகவில்லையா? அப்போது குறை பெரும்பாலும் கண்ணாடியில்தான். வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். தூரத்தில் ஒரு பொருளை நேராகப் பாருங்கள். எதிரே நிற்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் ஒவ்வொரு கண்பாவைக்கும் நேர் எதிரே நின்று, லென்ஸில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கட்டும். இரண்டு புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் சீட்டில் இருக்கும் கண்பாவை இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு, லென்ஸின் மையங்களும் அதே இடைவெளியில் இருக்கின்றனவா என்று கடையில் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். -5.00 பவரில் 2 மில்லிமீட்டர் தள்ளினாலே கண்கள் ஒரு பிரிசம் (வெளிச்சம் பக்கவாட்டில் விலகுவதை அளக்கும் அலகு) அளவுக்கு இழுபடும், மாலையில் தலைவலி அதனால்தான். சிலிண்டரின் கோணம் திரும்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர் வெக்கையில் இன்னொரு குறை, வழுக்கி இறங்குவது. லென்ஸ் கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். மைனஸ் லென்ஸ் மூக்கு நுனிக்கு வந்தால் அதன் பவர் குறைந்ததுபோல் ஆகிவிடும். குனிந்து தலையை ஆட்டுங்கள். நழுவினால் காதுக்குப் பின்னால் வளைவு சரியில்லை. அந்த வளைவு காதின் மேல்விளிம்பைத் தாண்டியவுடன் தொடங்க வேண்டும். கடையில் சூடுகாட்டி வளைத்துத் தருவார்கள், நீங்களாக வளைத்தால் உடையும். மூக்குத் தாங்கி வியர்வையில் பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைப் போடுங்கள், கழற்றும்போது கண்ணாடி முதலில். இதை மாற்றிச் செய்வதால்தான் கண்ணாடிச் சட்டம் கோணுகிறது.

துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நெற்றியிலிருந்து உதிரும் விபூதி லென்ஸில் ஒட்டியிருக்கும். அதைச் சேலைத் தலைப்பால் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் இரு பக்கமும் தடவி, தேங்காயெண்ணெய் படியும் விளிம்பையும் தேய்த்துக் கழுவி, பிறகுதான் துணி. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் லென்ஸும் அதன் மேல்பூச்சும் ஒரே அளவு விரிவதில்லை, பூச்சு சிலந்தி வலைபோல் வெடித்துவிடும். ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்ததும் படியும் ஆவி, லென்ஸ் சூடானதும் தானாகப் போய்விடும், சட்டையால் துடைக்க வேண்டாம்.

நம்மவர்களிடையே இனிப்புநீர் அதிகம், அதனால் இதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்துப் பவரே மாறும். அப்போது செய்த கண்ணாடி, சர்க்கரை அடங்கியதும் உதவாது. அளவு சில வாரம் நிலையாக இருந்த பிறகு பரிசோதியுங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்கினால், கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.