பள்ளியில் சுரபுன்னை நாற்றங்கால்: இருளர் பெரியவர்களோடு ஒரு பருவம்

ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாள் வந்தால் பிள்ளைகளுக்கு இலைதழை கட்டி மேடையேற்றுவது சுலபம். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கிள்ளை, பிச்சாவரம் பக்கம் கழிமுகத்தை நம்பி வாழும் இருளர்கள் நீருக்குள் கையால் துழாவியே இறால் பிடிக்கும் நுட்பம் அறிந்தவர்கள். அவர்கள் நம் வகுப்புக்கு ஆசிரியராக வர வேண்டும். அவர்களோடு சேர்ந்து, கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான சுரபுன்னைக்குப் பள்ளியிலேயே நாற்றங்கால் போடலாம். சிதம்பரம், பரங்கிப்பேட்டை வட்டாரப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்புவரை இதைச் செய்யலாம்.

முதலில் ஆள், பிறகுதான் மண்ணும் விதையும். பெரியவர்கள் இருவரை அழையுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தேதியை அவர்கள் சொல்லட்டும், ஏனென்றால் அவர்கள் தொழில் நீர் ஏறி வத்தும் நேரத்தைப் பார்த்து நடப்பது. வேறு எந்தச் சிறப்பு விருந்தினருக்கும் தரும் தொகையையே தாருங்கள், அன்றைய வருமானம் போவதையும் சேர்த்து. பாம்பு பிடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம். பாம்பு பிடிக்கும் அந்த அறிவின் பெருமையைச் சொல்ல, 2023இல் பத்மஸ்ரீ பெற்ற இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரின் பெயரும் போதும். மூலிகை பற்றிச் சொன்னால், அதைப் படம் பிடித்துப் பரப்பலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். வகுப்பில் இருளர் பிள்ளை இருந்தால் எழுப்பி நிறுத்தி, "நீ சொல்லு" என்று மட்டும் கேட்கவே கூடாது. தானாகப் பேச வந்தால் பேசட்டும்.

இனி நாற்றங்கால். சுரபுன்னையின் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். எப்போது முற்றும், முற்றியதை எப்படிக் கண்டுகொள்வது என்பதே பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் பாடம். பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலமும்கூட, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். ஆகவே வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு காயையும் எடுக்கக் கூடாது.

40 பிள்ளைகளுக்கு 80 காய் போதும். ஒரு லிட்டர் பால் கவரைக் கழுவி, மேலே வெட்டி, அடியில் ஆறு துளை போடுங்கள். களிமண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு. மணல் கூடினால் பை ஒரு மதியத்திலேயே காய்ந்துவிடும். காயின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். அதிகம் நடக்கும் தவறு தலைகீழாக நடுவது. கூர்மையான நீள் நுனி கீழேயும் மொட்டு உள்ள தலை மேலேயும் இருக்க வேண்டும். தலையில் தொப்பி போல ஒட்டியிருக்கும் பழத்தைப் பிடுங்காதீர்கள், மொட்டு உடைந்துவிடும். தானாகக் கழன்று விழும். நண்டு வரும் இடமென்றால், நடுவதற்கு முன் காய்களை ஒரு வாரம் நிழலில் போட்டு வையுங்கள், நண்டு அவ்வளவாகத் தொடாது.

பாதி நிழல், தினம் இருவேளைத் தண்ணீர். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றுங்கள். விட்டுவிட்டால் வேர் துளை வழியே தரைக்குள் இறங்கும், தூக்கும்போது அறுந்துவிடும்.

கன்றுக்குப் பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். சில கன்றுகள் கட்டாயம் பட்டுப்போகும். தன் பெயருள்ள கன்று கருகுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகம் பல நாள் வாடிக் கிடக்கும். மண் பிசையும் நேரத்தில் பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். சேறு விரலிடுக்கில் பிதுங்கி வரும்போது, மிகவும் துறுதுறுப்பான பிள்ளைகூட அடங்கி உட்காரும்.

கன்று வளரும் இடைவெளியில் தட்டுச் சோதனை ஒன்று. இரண்டு தட்டுகளில் களிமண்ணைப் பரப்பி நடுவில் குழி செய்யுங்கள். ஒன்றில் மட்டும் மீன் முள் போல நடுவாய்க்காலும் சாய்ந்த கிளை வாய்க்கால்களும் கீறி, வாய்க்கால் முடியும் விளிம்பில் ஒரு துளை போடுங்கள். துளையை மறந்தால் இரண்டு தட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கலந்த நீரை இரண்டிலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். வடிகால் இல்லாத குழியில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். பிச்சாவரத்தில் நடந்ததும் இதுதான். ஒரு காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட நிலம் தாழ்ந்தது, ஓதநீர் (கடல் ஏறும்போது உள்ளே வரும் நீர்) தேங்கி உப்பேறியது, மரம் திரும்ப முளைக்கவில்லை. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வாய்க்கால் வெட்டி நட்டபோதுதான் காடு மீண்டது.

காட்டைப் பார்க்கப் போனால் காலை, நீர் வத்தும் நேரத்தில், வனத்துறைப் படகில், மிதவைச் சட்டையோடு. செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், வெறுங்காலை ஆளிச் சிப்பியின் ஓடு கிழிக்கும். கயிறு கட்டிய பழைய ஷூதான் சரி. தில்லை மரத்தின் கிளையை யாரும் ஒடிக்கக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணம் வேண்டாம்.

மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் கன்று தயார். கடைசி ஒரு மாதம் உப்பங்கழி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊற்றுங்கள். நல்ல தண்ணீரிலேயே வளர்ந்த கன்று உப்பு நிலத்தில் திடீரென வாடும். எங்கே நடுவது என்பதை வனத்துறையும் இருளர் பெரியவர்களும் முடிவு செய்யட்டும். கன்றுகளை எடுத்துக் கொடுக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்காமல், பையின் அடியில் இரு கையும் கொடுத்து ஏந்தச் சொல்லுங்கள்.