ஸ்பெக்கிள்டு டிரவுட்டுக்கு சாஃப்ட் பிளாஸ்டிக்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

அமெரிக்காவின் டெக்சஸ், லூசியானா கரையோரத் தூண்டில் கடைகளில் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்கள், அதாவது மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த செயற்கை இரைகள், சுவர் முழுக்கத் தொங்கும். புதிதாக வருபவர் கை நேராக நிறத்துக்குத்தான் போகும். உண்மையில் நிறம் கடைசி. முதலில் பார்க்க வேண்டியது ஜிக் ஹெட், அதாவது ஈயத் தலை வைத்த முள், எத்தனை எடை என்பதைத்தான்.

ஸ்பெக்கிள்டு டிரவுட் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில் டிரவுட் இருந்தாலும் இது மலை ஓடை டிரவுட்டுக்குச் சொந்தமில்லை. நம்ம ஊர் கத்தாளையின் குடும்பம். இறாலும் மடவைக் குஞ்சும் தின்று, கடற்புல் ஓரத்திலும் சிப்பித் திட்டுகளிலும் திரியும்.

படி 1: ஆழத்துக்கு ஏற்ற ஈயம்

லூர் கீழே இறங்கும்போதுதான் இந்த மீன் பெரும்பாலும் கவ்வும். அதனால் மெதுவாக, ஆனால் நீங்கள் உணரும் அளவுக்கு இறங்க வேண்டும். டெக்சஸின் ஆழமில்லாத கடற்கழி லகூனா மாத்ரே மாதிரி இரண்டு மூன்று அடி ஆழப் புல்தரைக்கு 1/16 அல்லது 1/8 அவுன்ஸ். நான்கு முதல் ஆறு அடி, கொஞ்சம் காற்று என்றால் 1/4. ஆழமான கால்வாய், இழுக்கும் நீரோட்டம் என்றால் 3/8. ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் புல் சிக்கி வந்தால் எடை அதிகம். தரை தட்டுவதே தெரியவில்லையா, குறைவு. எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால் 1/8-ம் 1/4-ம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 2: அளவும் வாலும்

மூன்று முதல் நான்கு அங்குலம் போதும். பெரிய மீன்தான் வேண்டும் என்று குறி வைப்பவர்கள் ஐந்து அங்குலத்துக்குப் போவார்கள். கடி குறையும், அதற்குத் தயார் என்றால் சரி.

துடுப்பு மாதிரி தட்டையான வால் உள்ள பேடில் டெயில், ரீலைச் சும்மா சுற்றினாலே ஆடும். கலங்கிய தண்ணீரில் அந்த அதிர்வே மீனைக் கூப்பிடும். நேரான மெல்லிய வாலுக்கு உயிர் கொடுப்பது உங்கள் மணிக்கட்டு. குளிர்காலத்தில் மந்தமாகக் கிடக்கும் மீனுக்கு அது நல்லது. முதல் நாளிலேயே மீன் வேண்டும் என்பவருக்கு என் தேர்வு வேறு: சத்தம் எழுப்பும் பாப்பிங் கார்க் தக்கை, அதற்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டடி நரம்பு, நுனியில் இறால் வடிவ லூர். வெடுக்கென்று இழுத்தால் மீன் இரை அடிப்பது போல ‘பளக்’ என்று கேட்கும். ஐந்தாறு நொடி விட்டு மறுபடி இழுங்கள்.

படி 3: நேராக மாட்டுவது

அவசரப்படுகிற இடம் இதுதான். முள்ளை லூரின் பக்கவாட்டில் வைத்து, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். மூக்கின் நடு மையத்தில் முனையைக் குத்தி, ஊசியில் துணி கோப்பது போல உடலை முள்ளின் மேல் நகர்த்தி, கீறிய இடத்தில் முதுகு வழியாக வெளியே எடுங்கள். பிளாஸ்டிக் ஈயத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். எங்காவது சுருங்கியோ வளைந்தோ இருந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கேறும். பிய்த்து மறுபடி மாட்டுங்கள்.

படி 4: இப்போது நிறம்

தெளிந்த தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் வெளிர் நிறங்கள். கலங்கலுக்கும் விடியற்காலைக்கும் அடர் நிறம். நாவல்பழ நிற உடல், பளீர் மஞ்சள்பச்சை வால் கொண்டது டெக்சஸில் காலங்காலமாக ஓடுகிறது. தெளிவுக்கு ஒன்று, கலங்கலுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

மீன் மந்தமாக இருக்கும் நாளில், பெர்க்லி நிறுவனத்தின் வாசனை ஏற்றிய ‘கல்ப்’ லூர் கைகொடுக்கும். ஆனால் வெயிலில் வெளியே விட்டால் காய்ந்து கல்லாகிவிடும். இசட்-மேன் நிறுவனத்தின், ரப்பர் போல இழுபடும் இலாஸ்டெக் லூர்களைச் சாதாரண பிளாஸ்டிக்கோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

படி 5: வீசிய பிறகு

தரை தட்டட்டும். தூண்டில் கம்பின் நுனியை இரண்டு முறை மேலே சுண்டி, நரம்பை லேசாக இறுக்கமாக வைத்தபடியே இறங்க விடுங்கள். ‘டக்’ என்றோ, நரம்பு திடீரென்று தொய்ந்தோ தெரிந்தால் தூக்குங்கள். வலுவாக வெட்டி இழுக்க வேண்டாம். இதன் வாய்ச்சதை மெல்லியது, கிழிந்து மீன் தப்பிவிடும். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியான டிராகையும் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள்.

எடுத்து வைப்பதற்கு வரம்பு உண்டு. டெக்சஸில் 2024 மார்ச் முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 மீன், 15 முதல் 20 அங்குலத்துக்குள். லூசியானாவில் கணக்கு வேறு, அதனால் கிளம்பும் முன் அந்தந்த மாநில விதியைப் பார்த்துவிடுங்கள். அளவுக்குள் வராத மீனை ஈரக் கையால் பிடித்து, தண்ணீரிலேயே திரும்ப விடுங்கள். மேல்தாடையின் முன்பக்கம் கூரான கோரைப்பல் இருக்கிறது, வாய்க்குள் விரல் விடாதீர்கள். முள் எடுக்க நீள மூக்குக் குறடு.