கடலுக்குப் போகும் முன் போனை இப்படித் தயார் பண்ணுங்கள்

குளச்சலில் செல்போன் கடை நடத்துகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் போகிறவர்கள். "மக்களே, எந்த சிம்மு போட்டா கடல்ல டவர் கிட்டும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சிம்மை விட முக்கியமான சில வேலைகள் கரையிலேயே இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. 2ஜி டவருக்குச் சாதாரணமாக எட்டும் தூரம் அதிகபட்சம் 35 கிலோமீட்டர். அந்த முறையில் ஒவ்வொரு போனுக்கும் பேச ஒரு நொடித்துளி ஒதுக்கியிருக்கிறது. அதைத் தாண்டிய தூரத்திலிருந்து வரும் குரல், தன் முறை முடிந்த பிறகுதான் டவருக்கு வந்து சேரும். அதனால் திரையில் சிக்னல் தெரிந்தாலும் கால் போகாமல் இருக்கலாம். அப்போது போனைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை, படகு கரைப்பக்கம் வர வேண்டும். பெரும்பாலும் 35 கூடக் கிடைக்காது. வடகேரளத்தில் 1997 முதல் கரையோரம் டவர் வந்தபோது 20, 25 கிலோமீட்டர் வரைதான் எட்டியது. அதுவே மத்தி பிடிப்பவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எந்தக் கரையில் விலை நல்லது என்று கடலிலிருந்தே கேட்டு அங்கே போனார்கள். அதற்கு முன் தினமும் விற்காமல் வீணான நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு மீன், பிறகு வீணாகவில்லை என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-இல் எழுதினார்.

இரண்டு சிம் போடுங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒன்றாவது 2ஜி உள்ளதாக இருக்க வேண்டும். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அது மட்டும் போதாது. கரையை விட்டு விலகும்போது செட்டிங்ஸில் 2ஜி உள்ள சிம்மை '2ஜி ஒன்லி' என்று மாற்றிப் பாருங்கள். வாட்சப் ஓடாது, ஆனால் கால் தங்க வாய்ப்பு உண்டு. கால் அறுந்தால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள், மெலிந்த சிக்னலிலும் அது போய்ச்சேர வாய்ப்பு அதிகம். கடல்நிலை அறிவிப்பையெல்லாம் கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

டவர் போனதும் பிளைட் மோடில் போடுங்கள். இல்லையென்றால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் விண்ணிலிருந்து வருவது, அதற்கு டவர் வேண்டாம். பெரும்பாலான போன்களில் பிளைட் மோடிலும் அது வேலை செய்யும்.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடக்குறிப்பில் (அட்சரேகை, தீர்க்கரேகை) போனில் குளச்சல் கரை 8.17, 77.25 என்று வரும். இதில் 8.17-ஐ வயர்லெஸ்ஸில் "எட்டு டிகிரி பதினேழு நிமிஷம்" என்று சொல்லிவிடக் கூடாது. 8.17 டிகிரி என்றால் 8 டிகிரி 10 நிமிஷம். மாற்றிச் சொன்னால் தேடி வருகிறவர்கள் ஏறக்குறைய 7 கடல் மைல் தள்ளிப் போய் நிற்பார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை அறுபதால் பெருக்கினால் நிமிஷம் கிடைக்கும். அது சிரமமென்றால் "எட்டு புள்ளி ஒன்று ஏழு டிகிரி" என்றே சொல்லுங்கள். சின்னப் பையன்களுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குப் போன் போதவே போதாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நம் மாவட்டத்தில் அந்த இழப்பை அறியாத கடற்கரை ஊர் இல்லை. வயர்லெஸ் செட்டை ஒவ்வொரு முறையும் கரையிலேயே போட்டுப் பேசிப் பாருங்கள். 16-ஆம் சேனல் அவசரத்துக்கு உரியது.

வீட்டில் ஒரு தாளில் படகின் பதிவு எண், ஆட்கள் எத்தனை பேர், புறப்பட்ட நேரம், போகும் திசை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்குள் படகு வராவிட்டால் வீட்டுக்காரர்கள் கடலோரக் காவல்படையின் 1554-ஐயோ கடலோரப் போலீசின் 1093-ஐயோ உடனே கூப்பிட்டு, அந்தத் தாளில் இருப்பதைப் படிக்க வேண்டும்.