மார்பகப் புற்றுநோய்: மருத்துவமனைகளைத் தரம் பிரிக்கையில் எங்கே சறுக்குகிறோம்?

மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனையில் எதுவரை சிகிச்சை கிடைக்கும் என்று கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மெஷின் இருக்கா?" என்றுதான். மெஷின் இருக்கும்; படத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கமாட்டார். போன மாதம் எத்தனை பேருக்கு எடுத்தீர்கள், ரிப்போர்ட் எத்தனை நாளில் போனது என்று கேளுங்கள்.

பி.எச்.ஜி.ஐ. என்ற சர்வதேச மார்பக நல அமைப்பு வசதிகளை அடிப்படை, வரம்புக்குட்பட்டது, மேம்பட்டது, உச்சம் என்று நான்கு படிகளாக வைத்தது. இதைப் பள்ளிக்கூட ரேங்க் போல எடுத்துக்கொண்டு ஒட்டுமொத்தமாக ஒரே மார்க் போடுகிறார்கள். அறுவை சிகிச்சையில் மூன்றாம் படியில் இருக்கும் இடம் நோய்க்குறியியலில், அதாவது சதையைச் சோதித்து நோயைச் சொல்லும் வேலையில், முதல் படியைத் தாண்டாமல் இருக்கலாம். சராசரி போட்டால் அந்த ஓட்டை தெரியாது.

அந்த ஓட்டை சாதாரணமானதல்ல. வெட்டியெடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் ஊறலாம். ஆபரேஷன் தியேட்டர் ஓரத்தில் சலைன் பாட்டிலில் மணிக்கணக்காகக் கிடந்தால், ஹார்மோனால் வளரும் புற்றா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை தவறாக 'நெகட்டிவ்' என்று வரக்கூடும். ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரையால் பலன் பெற வேண்டிய பெண்ணுக்கு யாரும் அதை எழுதித் தரமாட்டார்கள். இத்தனைக்கும் அது விலை குறைந்த மாத்திரை! சோதனையை வெளி லேபுக்கு அனுப்புவது குறையே இல்லை, அதற்கு மார்க் வெட்ட வேண்டாம். சதை எடுத்த நேரமும் ஃபார்மலினில் போட்ட நேரமும் படிவத்தில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

"கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றுகிறோம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், சரி, கதிர்வீச்சுக்கு எங்கே அனுப்புகிறீர்கள் என்பதே அடுத்த கேள்வி. அந்த அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். பரவலாக உள்ள சுருக்கமான முறையில்கூட சுமார் 15 தடவை, அதாவது மூன்று வாரம் போய்வர வேண்டும். கருவி அந்த வளாகத்திலேயே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் இடமும், பேசி வைத்த ஏற்பாடும் இல்லையென்றால் அந்த அறுவையை வசதிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

ஐரோப்பிய அளவுகோலை அப்படியே தூக்கி வருவதும் உண்டு. மையத்துக்கு ஆண்டுக்கு 150 புதிய நோயாளிகள், அறுவை மருத்துவருக்கு 50 என்பது அங்கே நிபுணத்துவ மையங்களுக்கான கணக்கு. கட்டியைக் கண்டறிந்து மேலே அனுப்புவதே வேலையாக உள்ள வட்டார மருத்துவமனையை அதில் நிறுத்தினால் ஃபெயில்தான் ஆகும்.

நோயாளி வந்த 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், குறைந்தது 80 சதவீதம் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கட்டில், கருவி, டாக்டர் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட படிவங்களில், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.