டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: புதிதாக வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குத் தெரிந்த வட்டத்தில் அண்மையில் சிலர் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு மாறியிருக்கிறார்கள். வாங்கிய சில வாரங்களில் ஒவ்வொருவராகப் படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்த்தால் எல்லாம் பழகிய தவறுகள். இவற்றில் பாதியை ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன் என்பதால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுப்பது, விரலால் சாளரத்தை மறைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் யாரும் தானே திருந்திக்கொள்வார்கள். பணமும் மாதங்களும் போன பிறகுதான் தெரியவரும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

எதற்காக என்று தெரியாமல் வாங்குவது

நாம் பார்க்கும் வழி வேறு, லென்ஸ் பார்க்கும் வழி வேறு. ரேஞ்ச்ஃபைண்டரின் அடிப்படையே இதுதான். கேமராவின் ஓரத்திலுள்ள கண்ணாடிச் சாளரம் வழியே காட்சியை நேரடியாகப் பார்க்கிறோம். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சிறிய சாளரம் இருக்கிறது. அதன் பிம்பம் நம் பார்வையின் நடுவே ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் லென்ஸின் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ளும். அந்த அசைவில் கட்டத்துக்குள் உள்ள பிம்பம் நகரும். இரண்டு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தினால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது.

இந்தப் பழைய ஏற்பாட்டை இன்றும் விரும்பி வாங்குவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தால் ஃப்ரேம் கோட்டுக்கு வெளியே நடப்பதும் தெரிகிறது. ஒருவர் படத்துக்குள் நடந்து வரும் முன்பே அவரைப் பார்த்துவிடலாம். உள்ளே மேலெழும் கண்ணாடி இல்லாததால், ஷட்டர் இயங்கும் அந்தக் கணத்திலும் காட்சி மறையாது. கண் இமைத்தாரா, சிரித்தாரா என்பது எடுக்கும்போதே தெரியும். மங்கிய வெளிச்சத்தில் மின்திரையின் புள்ளி இரைச்சல் கிடையாது. லென்ஸ்கள் சிறியவை. 1954-ல் லைக்கா நிறுவனத்தின் எம்3 கேமராவுடன் வந்த மவுண்ட்தான் (லென்ஸை மாட்டும் வளையம்) இன்றைய எம்11-லும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த எம் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

2004-ல் எப்சன் ஆர்-டி1 வந்தபோது அதில் 6 மெகாபிக்சல்தான், சென்சாரும் சிறியது. ஷட்டரை ஒவ்வொரு முறையும் நெம்புகோலால் ஏற்ற வேண்டும். அதையும் தேடி வாங்கினார்கள் என்றால், மேலே சொன்ன காரணங்கள் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டன. உங்களுக்கு அவற்றில் ஒன்றாவது தேவையா என்று முதலில் பாருங்கள். பறவை, பூச்சி, விளையாட்டு எடுப்பவருக்கு இது சரிப்படாது. பெரும்பாலான கேமரா உடல்களில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) ரேஞ்ச்ஃபைண்டர் 0.7 மீட்டருக்கு மேல்தான் அளக்கும், 90 மி.மீ. தாண்டினால் ஃப்ரேம் கோடு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். நிறத்துக்காகவும் லென்ஸுக்காகவும் மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு, ரேஞ்ச்ஃபைண்டரே இல்லாமல் மின் வியூஃபைண்டருடன் 2025-ல் வந்த லைக்கா எம் ஈவி1 இருக்கிறது. அவர்கள் அந்தப் பக்கம் போவது நல்லது.

ஃபோகஸ் தவறினால் உடனே லென்ஸை விற்பது

இது இன்னும் எனக்கு எரிச்சல் தரும் தவறு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு இளைஞர், முகப்படங்கள் எடுப்பவர். பழைய உடல் ஒன்றும் எஃப் 1.4 வெளிச்சமுள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கினார் (எஃப் எண் சிறுத்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஒளி கூடும்). படங்களில் கண் மங்கல், காதோரம் துல்லியம். லென்ஸ் மோசம் என்று முடிவு கட்டி நஷ்டத்துக்கு விற்றார். அதைவிட விலை கூடிய இன்னொன்று வாங்கினார். அதிலும் காதோரம்தான் துல்லியம். அதையும் விற்றார். அடுத்ததற்குக் கடன் வாங்கலாமா என்று யோசிக்கும் நிலையில் என்னிடம் வந்தார். உடலை முக்காலியில் வைத்து, கட்டத்தின் வழியே ஃபோகஸ் செய்தேன். பிறகு லென்ஸை அசைக்காமல் லைவ் வியூவை, அதாவது சென்சார் காண்பதை அப்படியே பின்திரையில் காட்டும் வசதியை, போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. என் லென்ஸை மாட்டினாலும் அதே பக்கம், அதே அளவு பிசகு. தவறு முழுக்க உடலில் இருந்தது. ரேஞ்ச்ஃபைண்டரை ஒரு தடவை சரிசெய்யக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு நல்ல லென்ஸ்கள் வீணாகக் கைமாறிப் போயின.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? விற்பவர்களில் யாரும் இதைச் சொல்வதில்லை. டிஎஸ்எல்ஆரில் இருந்தோ மிரர்லெஸில் இருந்தோ வருபவருக்கு, கண்ணுக்குத் தெரியும் ஃபோகஸும் பதிவாகும் ஃபோகஸும் வேறாக இருக்க முடியும் என்றே தோன்றாது. இங்கே இரண்டையும் இணைப்பது அந்தச் சிறு உருளையும் சில நெம்புகோல்களும் மட்டுமே. கீழே விழுந்தால் பிசகும். பையில் குலுங்கிக்கொண்டே பல ஆண்டுகள் இருந்தாலும் பிசகும்.

பிலிம் காலத்தில் இந்தச் சிறு பிசகு பெரும்பாலும் வெளியே தெரியாது. பிலிம் முழுத் தட்டையாக நிற்பதில்லை, பார்ப்பதும் சிறிய பிரிண்டில். எம்11 சென்சார் 60 மெகாபிக்சல். படத்தை முழு அளவில் திறந்தால் மில்லிமீட்டர் தவறும் முகத்தில் அடிக்கும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், வழக்கமான கணக்குப்படி துல்லியமாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 90 மி.மீ., எஃப் 2 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. உடல்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. இரண்டு சாளரங்களுக்கு இடையிலான தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான அளவுகோல். லைக்கா எம் வரிசையில் அந்தத் தூரம் ஏறக்குறைய 69 மி.மீ. எம்9-ன் உருப்பெருக்கம் 0.68, எம்10-ல் 0.73. அதாவது 47 மி.மீ., 50 மி.மீ. ஆர்-டி1-ல் உருப்பெருக்கம் முழுதாக 1 என்றாலும் தூரம் சுமார் 38 மி.மீ. மட்டுமே. இந்த எண் சிறுத்தால் வேகமான லென்ஸ்களை, அதாவது எஃப் 1.4 போல அகலமாகத் திறப்பவற்றை, நம்பி எடுப்பது கடினம்.

லென்ஸை விற்கும் முன் இதைச் செய்து பாருங்கள். முதலில் வெகுதூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை, கோபுரமோ மின்கம்பமோ, முடிவிலியில் வைத்துப் பாருங்கள். பிம்பங்கள் அங்கே சரியாகப் பொருந்த வேண்டும். பிறகு ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்து, முக்காலியில், லென்ஸை முழுதாகத் திறந்து எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும்; ஒரே படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2012-ல் அறிவிக்கப்பட்ட எம் 240 முதல் வந்த பெரும்பாலான உடல்களில் லைவ் வியூ இருப்பதால் ஒப்பிடுவது எளிது. எம்8, எம்9-ல் அது இல்லை, எடுத்த படங்களைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொரு லென்ஸில் இதையே செய்யுங்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் பிசகினால் உடலைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிசகினால் அந்த லென்ஸை.

லென்ஸுக்கே உரிய குணமும் ஒன்று உண்டு. சோனார் என்ற பழைய கண்ணாடி அமைப்பில் செய்த சில லென்ஸ்களில் அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) மூட மூட ஃபோகஸ் பின்னால் நகரும். ஸைஸ் சி சோனார் 50 மி.மீ. எஃப் 1.5 இதற்குப் பேர்போனது. அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த அபெர்ச்சருக்கு அது சீரமைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பழகினால் அழகான லென்ஸ். பழைய திருகு மவுண்ட் லென்ஸ்களை அடாப்டரில் மாட்டுபவர்கள் அடாப்டரையும் சோதிக்க வேண்டும். அதன் தடிமன் சரியாக 1 மி.மீ. இருக்க வேண்டும்; மலிவான சிலவற்றில் அது பிசகுகிறது.

உருளையைத் திருகும் ஆணியை நாமே சின்னச் சாவி போட்டுத் திருப்பிப் பார்ப்பது இப்போது பரவியிருக்கிறது. முடிவிலியைச் சரிசெய்தால் கிட்டத்து ஃபோகஸ் ஓடும், அதைப் பிடித்தால் இது ஓடும். விற்ற லென்ஸையாவது திரும்ப வாங்கலாம். கெட்டுப்போன சீரமைப்பை மீட்க, எப்படியும் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். நேராக அவரிடமே போங்கள்.

முதல் லென்ஸாக மிக வேகமான லென்ஸ்

லைக்காவின் நாக்டிலக்ஸ் எஃப் 0.95 மட்டும் 700 கிராம். வியூஃபைண்டரின் ஒரு மூலையையும் மறைக்கும். சிறிய உடலைத் தேடி வந்தவர் அதைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. 35 மி.மீ. அல்லது 50 மி.மீ., எஃப் 2. முதல் வருடத்துக்கு இது போதும்.

நடுவில் ஃபோகஸ் பிடித்து, கேமராவைத் திருப்புவது

கட்டம் நடுவில் மட்டுமே இருப்பதால் எல்லோரும் இப்படித்தான் எடுக்கிறோம், வேறு வழி இல்லை. ஆனால் லென்ஸ் கூர்மையாகப் பதிவது ஒரு தட்டையான தளத்தில். கேமராவைத் திருப்பும்போது அந்தத் தளமும் கூடவே திரும்புகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணில் ஃபோகஸ் பிடித்து 15 டிகிரி திருப்பினால் கூர்மையான தளம் கண்ணுக்கு 3.4 செ.மீ. பின்னால் போய்விடும். எஃப் 1.4-ல் கண்ணுக்குப் பின்பக்கம் கிடைக்கும் இடமோ ஒன்றரை செ.மீ. சொச்சம். காதோரம் துல்லியமாக வருவதற்கு உடல் சரியாக இருந்தும் இன்னொரு காரணம் இது. எஃப் 4-க்கு மூடுங்கள், அல்லது திருப்பிய பிறகு உடம்பை மிக லேசாகப் பின்னால் சாயுங்கள். கொஞ்சம் பழகினால் கை தானே செய்யும்.

ஃப்ரேம் கோட்டை அப்படியே நம்புவது

கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் கோடுகள் மூலைவிட்டமாக நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். லென்ஸும் சாளரமும் வேறு இடத்தில் இருப்பதால் வரும் விலகலை அது ஈடுகட்டுகிறது. ஆனால் கோட்டின் அளவு மாறாது. எம்10-ல் அது 2 மீட்டர் தூரத்துக்குப் பொருந்துமாறு வைக்கப்பட்டிருக்கிறது. எம்9-ல் 1 மீட்டர். அதைவிடத் தள்ளி இருப்பதை எடுத்தால், கோட்டுக்கு வெளியே இருந்ததும் படத்துக்குள் வந்துவிடும். தொலைவுக் காட்சியில் கோட்டின் வெளிவிளிம்பையும் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கில் எடுங்கள். ஓரங்களை மில்லிமீட்டர் சுத்தமாக வெட்ட விரும்புகிறவர்கள் இந்தக் கேமராவில் நிம்மதியாக இருக்க மாட்டார்கள்.

வளையத்தில் பொறித்த ஆழ அளவை நம்புவது

தெருவில் எடுப்பவர்கள் ரேஞ்ச்ஃபைண்டரைத் தேர்ந்தெடுக்க இது ஒரு பெரிய காரணம். லென்ஸை எஃப் 8-ல், 2.5 மீட்டரில் வைத்துவிட்டால் ஃபோகஸ் செய்யாமலே எடுக்கலாம். 35 மி.மீ. லென்ஸின் வளையம் 1.7 முதல் 4.9 மீட்டர் வரை சரி என்று காட்டும். அந்தக் குறிகள் பிலிமையும் சின்னப் பிரிண்டையும் மனதில் வைத்துப் போட்டவை. இரண்டு மடங்கு கண்டிப்பாகப் பார்த்தால் 2 முதல் 3.3 மீட்டர் வரைதான் மிஞ்சும். சுலபமான வழி: எஃப் 8-ல் எடுக்கும்போது எஃப் 4-க்கான குறிகளைப் பாருங்கள்.

கண்ணாடி அணிபவர் 28 மி.மீ. வாங்குவது

வாங்கும் முன் கண்ணில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடு தெரியாது.

135 மி.மீ.

வேண்டாம்.

ஒவ்வொரு படத்துக்கும் பின் திரையைப் பார்ப்பது

அணைத்துவிடுங்கள்.

பழைய உடலைச் சோதிக்காமல் வாங்குவது

எம்8-ன் சென்சார் அகச்சிவப்புக் கதிரைச் சரியாகத் தடுப்பதில்லை. கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாக வரும். லைக்காவே அப்போது வாங்கியவர்களுக்கு வடிகட்டிகள் கொடுத்தது. இன்று வாங்குபவர் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். அதன் சென்சார் முழு ஃப்ரேம் இல்லை, 35 மி.மீ. லென்ஸ் அதில் ஏறக்குறைய 47 மி.மீ. போல நடந்துகொள்ளும்.

பழைய அகலக் கோண லென்ஸ் வைத்திருப்பவர்கள் கடையிலேயே மாட்டி, வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் வரும் லென்ஸ்களில் ஒளி ஓரங்களில் சாய்வாக விழுவதால் இரு பக்கமும் செந்நிறம் படியும். பிலிமில் அருமையாக இருந்த லென்ஸ் இங்கே அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில் எடுப்பவருக்கு இது பிரச்சினை இல்லை.

எம்9, எம்9-பி, எம்-ஈ, முதல் மோனோக்ரோம் ஆகியவற்றில் சிசிடி சென்சாரின் மேல்கண்ணாடி அரித்துப்போவது பரவலாக நடந்தது. லைக்கா பிறகு வேறு கண்ணாடி போட்ட சென்சாரைச் செய்து பலருக்கு மாற்றிக்கொடுத்தது. வாங்கும் முன் எஃப் 16-ல் வெளிர் வானத்தை எடுத்து, படத்தை முழு அளவில் பாருங்கள். சுத்தம் செய்தாலும் போகாத, ஓரத்தில் வளையம் கட்டிய புள்ளிகள் தெரிந்தால் அது தூசி கிடையாது. விற்பவரிடம் சென்சார் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள், மாற்றிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அந்த உடலை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.