அறிவு என்றால் என்ன? புதிதாக வருபவர்கள் இடறும் இடங்கள்

போன மாதம் ஒரு மாணவர், அறிவு என்றால் என்ன என்பது பற்றிய தன் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாவது பக்கத்திலேயே "ஆகவே சிக்கல் தீர்ந்தது" என்று எழுதியிருந்தார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் ஏறக்குறைய இதே வரியை எழுதியவன். நம்பிக்கை வேறு, அறிவு வேறு என்ற பாலபாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

'தெரியும்' என்ற சொல்லை நம்பி இறங்குவது

'அவரைத் தெரியும்', 'நீந்தத் தெரியும்', 'பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தெரியும்' என்று மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். தூரத்தில் மலை தெரிவதும் அதே சொல்லில்தான். 'அறிவு' இன்னும் மோசம்: புத்திசாலித்தனமும் அறிவு, ஐந்தறிவு ஆறறிவு என்று எண்ணுவதும் அறிவு. மெய்யியலில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மூன்றாவது வகையைப் பற்றியது, அதாவது ஒரு செய்தி உண்மை என்று தெரிந்திருப்பது. இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

காரணத்தை இறுக்கினால் போதும் என்று நினைப்பது

என் ஒரு பருவத்தையே விழுங்கிய தவறு இது.

வழக்கமான விளக்கம் இப்படிப் போகும்: ஒன்றை நம்ப வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும், நம்புவதற்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற மெய்யியலாளர் மூன்றே பக்கத்தில், இந்த மூன்றும் இருந்தும் அறிவு இல்லாமல் போகலாம் என்று காட்டினார். அவருடைய உதாரணங்களைவிட, மெய்யியலாளர் பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் 1948இல் வேறொரு வாதத்துக்காகச் சொன்ன கடிகாரம் எளிது. கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. அது தெரியாமல் ஒருவர் பார்க்கிறார். முள் காட்டுவதும் அப்போதைய மணியும் தற்செயலாக ஒன்றாக இருக்கின்றன. அவர் நினைத்தது சரி, ஆனால் மணி அவருக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. 8ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே சாயலில் பேசியிருக்கிறார்: கானலைத் தண்ணீர் என்று எண்ணி ஒருவன் போகிறான், போன இடத்தில் பாறைக்கடியில் நிஜமாகவே தண்ணீர் இருக்கிறது.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும். "அது நல்ல காரணமே இல்லை. கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்." நான் இதை இருபது பக்கத்துக்கு இழுத்தேன். ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "உங்கள் பிறந்த தேதி உங்களுக்குத் தெரியுமா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பிறந்த நாளை யாரும் நேரில் பார்த்து நினைவில் வைத்திருப்பதில்லை. பெற்றோர் சொன்னார்கள், சான்றிதழில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் பிசகியிருக்கலாம். பிசக வாய்ப்பே இல்லாத காரணம்தான் வேண்டும் என்றால் பிறந்த தேதி கையை விட்டுப் போகும், வரலாறு முழுவதும் போகும். சரி, கொஞ்சம் தளர்த்துவோம் என்றால், காரணத்துக்கும் உண்மைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. எவ்வளவு சிறியதானாலும் தற்செயல் நுழைய அது போதும். 1994இல் மெய்யியலாளர் லிண்டா ஸக்ஸெப்ஸ்கி இதைப் பொதுவான வாதமாகவே வைத்தார்: அந்த இடைவெளி இருக்கும்வரை இந்த மாதிரி உதாரணங்களைச் செய்துகொண்டே போகலாம். நான் இருபது பக்கத்தில் அடைக்கப் பார்த்தது எந்த ஓட்டையை என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. இன்னும் கடுப்பாக இருக்கிறது.

இந்த மூன்று அம்ச விளக்கத்தை பிளேட்டோ சொன்ன வரையறை என்று எழுதுவது

பிளேட்டோவின் தியேட்டிடஸ் உரையாடலில் அதைப் போன்ற ஒன்று வருகிறது, ஆனால் சாக்ரடீஸ் அதையும் தள்ளிவிடுகிறார். கடைசிவரை படியுங்கள்.

"தோற்கும்வரை, ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்"

தெரியவில்லை. நினைத்தீர்கள். பொய்யாகிப்போனதைத் தெரிந்திருக்க முடியாது.

நான்காவது நிபந்தனையோடு ஓடிவருவது

அந்த மூன்றோடு, 'அந்த நம்பிக்கைக்குப் பொய்யான படியில் கால் வைத்து வந்திருக்கக் கூடாது' என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கடிகாரத்துக்கு அது சரியாகவே பொருந்தும்: 'கடிகாரம் ஓடுகிறது' என்பதுதான் அங்கே பொய்யான படி. ஆனால் மெய்யியலாளர் ஆல்வின் கோல்ட்மேன் 1976இல் அச்சிட்ட களஞ்சிய உதாரணத்திலும் போட்டுப் பாருங்கள். வழி நெடுக முகப்பு மட்டுமே உள்ள போலிக் களஞ்சியங்கள், நடுவில் ஒன்றே ஒன்று அசல். ஒருவர் யதேச்சையாக அந்த ஒன்றைப் பார்த்து 'களஞ்சியம்' என்கிறார். எந்தப் படியும் பொய் இல்லை. இருந்தும் அவருக்குத் தெரியும் என்று சொல்லப் பலர் தயங்குகிறார்கள், சிலர் தயங்குவதில்லை. உங்கள் நிபந்தனை எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். என்னுடையவை இரண்டு அங்கேதான் விழுந்தன.